குப்புறப் புராணம்

சாலமோன் ராஜாவின் தீர்ப்பு எல்லோருக்கும் தெரியும். ஒரே வீட்டில் இரண்டு பெண்கள், இரண்டு கைக்குழந்தைகள். ஒரு ராத்திரி அதில் ஒன்று இறந்துபோகிறது. மிச்சமிருப்பது யாருடையது என்று தகராறு. ராஜா வாளை எடுத்து வரச் சொல்கிறார், பெற்றவள் பதறுகிறாள், வழக்கு முடிந்தது. அன்றிலிருந்து உலகமே அவர் புத்தியை மெச்சிக்கொண்டிருக்கிறது. இறந்த குழந்தை எப்படி இறந்தது என்று மட்டும் அந்த அரசவையில் ஒரு ஆள் கேட்கவில்லை. தாய் தூக்கத்தில் அதன் மேல் புரண்டுவிட்டாள் என்று எதிராளிப் பெண் சொன்னாள். வீட்டில் வேறு யாருமே இல்லை என்றும், தான் அப்போது தூங்கிக்கொண்டிருந்ததாகவும் அவளே சொன்னாள். சாட்சி இல்லை, விசாரணை இல்லை. இருந்தாலும் அப்படியே பதிவாகிவிட்டது. பிற்பாடு ஐரோப்பாவும் இந்த வழியையே பிடித்துக்கொண்டது: குழந்தை தூக்கத்தில் போய்விட்டதா, அம்மா கணக்கில் எழுது.

இடைக்காலத் திருச்சபை இதற்குத் தண்டனைப் பட்டியலே வைத்திருந்தது. குழந்தையைப் பறிகொடுத்தவள் ரொட்டியும் தண்ணீருமாக நோன்பிருந்து பாவம் கழுவ வேண்டும். அப்பன் அதே கட்டிலில்தான் படுத்திருந்தான், அவன் எடை இரண்டு மடங்கு என்பதெல்லாம் பெரிதாக எடுபடவில்லை.

இந்தப் புராணத்தில் எனக்குப் பிடித்த ஒரே ஆள், இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் பெயர் தெரியாமல் போன யாரோ ஒரு தச்சர். அவர் போதனை எதுவும் செய்யவில்லை. மரத்தால் மூன்றடி நீளத்துக்கு ஒரு வளைவுக் கூடு செய்தார். பெயர் ஆர்கூத்தியோ. குழந்தை அதற்குள் படுத்துக்கொள்ளும். அம்மாவோ செவிலியோ எப்படிப் புரண்டாலும் மரம்தான் தாங்கும். போர்வையும் முகத்தில் விழாது. ராத்திரி பால் கொடுக்க வசதியாகப் பக்கவாட்டில் ஒரு வெட்டு வேறு. 1732ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இதன் படமே வந்தது. ஃபிளாரன்ஸில் ஒவ்வொரு செவிலியும் இதைப் பயன்படுத்தியாக வேண்டும், தவறினால் சபை விலக்கு என்ற செய்தியும் கூடவே வந்தது. லண்டன் அறிஞர்கள் படத்தை ரசித்தார்கள். தங்கள் ஊருக்கு அதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

160 வருஷம் கழித்து, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போலீஸ் மருத்துவர் டெம்பிள்மன், தூக்கத்தில் மூச்சுத் திணறி இறந்த 258 குழந்தைகளின் கணக்கை 1892ல் வெளியிட்டார். இறப்புகள் சனிக்கிழமை இரவுக்கும் ஞாயிறு காலைக்கும் நடுவே குவிந்திருந்தன. சனிக்கிழமை கூலி நாள், கூலி நாள் குடி நாள். தாயின் அறியாமை, அஜாக்கிரதை, குடி என்று எழுதிவிட்டு, ஒற்றை அறை நெரிசலையும் நியாயமாகச் சேர்த்துக்கொண்டார். பிரிட்டிஷ் பாராளுமன்றம் அந்தப் பட்டியலில் தனக்குச் செலவில்லாததைப் பொறுக்கிக்கொண்டது. குடித்துவிட்டுக் குழந்தை மேல் புரள்வது குற்றம் என்று 1908ல் சட்டம் வந்தது. இன்னொரு அறையோ இன்னொரு தொட்டிலோ அந்தச் சட்டத்தில் இல்லை.

இதற்குள் விஞ்ஞானம் வந்துவிட்டது. அம்மா மேல் பழி போடுவது அநாகரிகம் என்று அது முடிவு செய்து, குழந்தையின் தைமஸ் சுரப்பி மேல் போட்டது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சுரப்பி, திடீரென இறந்த குழந்தைகளுக்குப் பெரிதாக இருந்ததாம். அதுதான் மூச்சுக்குழாயை அமுக்கிக் கொன்றதாம். 1889ல் ஆஸ்திரிய மருத்துவர் பால்டாஃப், அமுக்குவதை விட்டுவிட்டு, பெரிய தைமஸை ஒரு உடல்வாகு நோயின் அடையாளமாகவே அறிவித்து, ஒரு மூச்சில் சொல்லி முடிக்க முடியாத லத்தீன் பெயரும் வைத்தார். பெரிது என்றால் எதைவிடப் பெரிது? அங்கேதான் கோளாறு. அன்று அறுப்பு மேசைக்கு வந்த மற்ற உடல்கள் பெரும்பாலும் ஏழைகளுடையவை. பட்டினியிலும் நெடுநாள் நோயிலும் தைமஸ் சுருங்கிப்போகும். வத்தலைப் பார்த்துப் பழகியவர்கள் பச்சைக் காயைப் பார்த்து வீக்கம் என்று பயந்துவிட்டார்கள். ஆரோக்கியமான குழந்தைக்கு அது அந்த அளவில்தான் இருக்க வேண்டும்.

நோய் இருந்தால் வைத்தியம் வேண்டுமே. 1907ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில், தைமஸைச் சுருக்கக் குழந்தையின் நெஞ்சில் எக்ஸ்ரே பாய்ச்சினார்கள். சுரப்பி சுருங்கியது, வைத்தியம் வெற்றி. அடுத்த 40 வருஷத்துக்கு, ஒரு நோயும் இல்லாத ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு இந்த வெற்றிகரமான வைத்தியம் நடந்தது. அவர்களில் பலருக்குப் பிற்பாடு கழுத்தில் தைராய்டு புற்றுநோய் வந்ததை 1950க்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். சபை விலக்கு எவ்வளவோ தேவலை.

குழந்தை எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தது என்று முதலில் உருப்படியாக எண்ணிப் பார்த்தவர்களில் ஒருவர் நியூயார்க்கின் ஏப்ரம்சன். இறந்தவற்றில் பெரும்பாலானவை குப்புறக் கிடந்தவை, அதனால் குப்புறப் போடாதீர்கள் என்று 1944ல் எழுதினார். அடுத்த வருஷமே வுல்லி என்ற மருத்துவர், உயிரோடு இருக்கும் குழந்தைகளின் முகத்தில் போர்வையைப் போட்டுப் பார்த்தார். பெற்றவர்கள் அப்போது எங்கே இருந்தார்களோ. குழந்தைகள் தலையைத் திருப்பிக்கொண்டன, சமாளித்தன, ஆகவே மூச்சுத் திணறல் என்பது சும்மா பயம் என்று சொல்லிவிட்டார். ஏப்ரம்சனின் எண்ணிக்கை மூட்டை கட்டி வைக்கப்பட்டது.

மேடைக்கு வருகிறார் பெஞ்சமின் ஸ்பாக். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் தங்கம் வாங்கியவர், குழந்தை மருத்துவர், தங்கமான மனுஷர். 1946ல் அவர் எழுதிய குழந்தை வளர்ப்புப் புத்தகம் 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் போனது. உங்கள் மனசு சொல்வதை நம்புங்கள் என்று தாய்மார்களுக்குத் தைரியம் சொல்லித்தான் புத்தகமே ஆரம்பிக்கும். அதற்கப்புறம் வரும் நூற்றுக்கணக்கான பக்கங்கள், மனசு சொல்வதை நம்பாதவர்களுக்காக இருக்கலாம். முதல் பதிப்பில் குழந்தை மல்லாக்கப் படுத்திருந்தது. 1950களின் நடுவில் வந்த பதிப்பில் அதே குழந்தை குப்புறப் புரண்டுவிட்டது. காரணங்கள் இரண்டு. மல்லாக்கப் படுத்தால் கக்கிய பால் புரையேறும். தலையும் ஒரு பக்கம் தட்டையாகிவிடும்.

இரண்டாவது காரணத்தைக் கேட்டு நம்மால் சிரிக்க முடியாது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது தலையை உருட்டி, மூக்கை நீவிச் சிலை செதுக்கும் பரம்பரை நாம். முதல் காரணம்தான் வேடிக்கை. மல்லாக்கப் படுத்திருக்கும் குழந்தைக்கு மூச்சுக்குழாய் மேலே இருக்கும், உணவுக்குழாய் கீழே இருக்கும். கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் போட்டால்தான் அது தலைகீழாகிறது, அப்போது பால் தானாகவே அந்த வாசலுக்கு வந்து நிற்கும். உடற்கூறு படித்த ஒரு தலைமுறை மருத்துவர்களில் யாராவது ஒரு படம் வரைந்து பார்த்திருந்தால் போதும். அது பார்த்தாலே தெரிகிற விஷயமாகத் தோன்றியதால் யாரும் பார்க்கவில்லை.

போதாததற்கு, ஆஸ்பத்திரிகளில் குறைமாதக் குழந்தைகளைக் குப்புறப் போட்டால் மூச்சு சீராக வருவதைக் கவனித்தார்கள். அது உண்மைதான். ஆனால் பக்கத்தில் இயந்திரமும் நர்ஸும் இருக்கும் பிள்ளைக்குச் சொன்னதை, பத்து மாதம் முழுசாக இருந்து பிறந்து வீட்டுக்குப் போகும் பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்லி அனுப்பினார்கள். 1970களில் நெதர்லாந்து, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் குப்புறக் கவிழ்ந்தன. தொட்டிலில் திடீரென இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறியது. 1969ல் அதற்கு ‘திடீர் சிசு மரணம்’ என்று முறையான பெயர் வைத்திருந்தார்கள். காரணம் தெரியாத மரணம் என்பதுதான் அதன் விளக்கமே.

பெயர் வைத்துவிட்டால் கோட்பாடு வர எவ்வளவு நேரம்? குழந்தைகளுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, இது குடும்ப வழி வருவது என்று ஸ்டைன்ஷ்னைடர் 1972ல் புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். ஒரே வீட்டில் குழந்தைகள் வரிசையாக இறந்ததைச் சான்றாகக் காட்டினார். வீடுதோறும் மூச்சைக் கண்காணித்து அலறும் கருவிகள் விற்பனையாயின. அந்தக் கருவிகள் இந்த மரணத்தைத் தடுப்பதாக யாரும் நிரூபிக்கவில்லை. 1995ல் நீதிமன்றம் ஒரு தகவல் சொன்னது: அந்த வீட்டுக் குழந்தைகளைக் கொன்றது அவர்கள் அம்மா. மூவாயிரம் வருஷமாக அப்பாவித் தாய்மார்களைக் குற்றவாளிகளாக்கியவர்கள், உண்மையான குற்றவாளி எதிரில் உட்கார்ந்திருந்தபோது மருத்துவக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவு நேரமும் சிலருக்கு விஷயம் தெரிந்தே இருந்தது. கிழக்கு ஜெர்மனி 1970களின் தொடக்கத்திலேயே காப்பகங்களில் குப்புறப் போடக் கூடாது என்று உத்தரவிட்டுவிட்டது. அங்கே மரணம் குறைவு, சுவருக்கு அந்தப் பக்கம் மேற்கில் அதிகம். கம்யூனிஸ்டுகள் சொல்லிக் குழந்தையைப் புரட்டிப் போடுவதா என்று சுதந்திர உலகம் இருந்துவிட்டது. அடிலெய்டில் சூசன் பீல் என்ற மருத்துவர், குழந்தையை இழந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாக நேரில் போய், எப்படிப் படுத்திருந்தது, எதன் மேல் படுத்திருந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டே இருந்தார். 1985ல் டேவிஸ் என்ற மருத்துவர், ஹாங்காங்கில் இந்த மரணம் அபூர்வமாக இருக்கிறதே என்று லான்செட் இதழில் வியந்தார். அந்த ஊர்ச் சீனத் தாய்மார்கள் பிள்ளையை மல்லாக்கத்தான் போடுவார்கள். பர்மிங்ஹாமில் குடியேறிய இந்தியத் துணைக்கண்டத்துக் குடும்பங்களிலும் இதே கதைதான். நம் வீடுகளில் குழந்தை தானாகக் குப்புற விழும் நாள் ஊருக்குச் சொல்லி மகிழும் நாள். அதற்கு முன்னால் அதைக் குப்புறக் கவிழ்த்து வைக்க யாருக்கும் தோன்றியதில்லை, காரணம் ஸ்பாக் புத்தகம் நம் பாட்டிகள் கைக்குப் போய்ச் சேரவில்லை.

1987ல் நெதர்லாந்தில் டி யோங்கே என்ற பேராசிரியர், போதும், திருப்பிப் போடுங்கள் என்று ஊரறியச் சொன்னார். மரணம் சட்டென்று இறங்கியது. நியூசிலாந்தில் எட் மிட்செல், பிரிட்டனின் பிரிஸ்டலில் பீட்டர் ஃபிளெமிங் என்று எண்ணிப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே விடைக்கு வந்தார்கள். ஆனாலும் பிரிட்டிஷ் அரசுக்கு இன்னும் யோசிக்க வேண்டியிருந்தது. 1991 ஜூலையில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஆன் டயமண்ட் தன் கைக்குழந்தையை இப்படி இழந்தார். நியூசிலாந்தில் நடந்ததைத் தெரிந்துகொண்டு வந்து, அமைச்சகத்தின் கதவைத் தட்டி, திரையிலும் தானே தோன்றினார். அந்த டிசம்பரில் பிரசாரம் தொடங்கியது. மாத்திரை இல்லை, கருவி இல்லை, பிள்ளையை மறுபக்கம் திருப்பிப் போடுங்கள், அவ்வளவுதான். சில ஆண்டுகளுக்குள் மரணம் பாதிக்கும் கீழே போனது. அமெரிக்கா 1994ல் அதே பிரசாரத்தை நடத்தி அதே பலனைக் கண்டது.

2005ல் லண்டனில் ரூத் கில்பர்ட்டும் கூட்டாளிகளும் பழைய ஆய்வுகளையெல்லாம் அடுக்கிக் கணக்குப் பார்த்தார்கள். குப்புறப் போடுவது ஆபத்து என்பதற்கான சான்று 1970லேயே போதுமான அளவு இருந்திருக்கிறது. அப்போதே கூட்டிப் பார்த்திருந்தால் பிரிட்டனில் 10,000க்கு மேல், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் சேர்த்துக் குறைந்தது 50,000 குழந்தைகள் பிழைத்திருக்கலாம். சான்று சார்ந்த மருத்துவத்தின் தலைவர்களில் ஒருவரான இயன் சாமர்ஸ், இளம் மருத்துவராக இருந்தபோது ஸ்பாக்கைப் படித்துவிட்டு இந்த யோசனையைத் தானும் பரப்பியதாகப் பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் சத்தமில்லாமல் அடுத்த பதிப்பில் திருத்திக்கொண்டார்கள்.

எனவே, வீட்டில் பச்சைக்குழந்தை இருந்தால் ஒரு வயது வரை பகல் தூக்கமானாலும் ராத்திரித் தூக்கமானாலும் மல்லாக்கப் போடுங்கள். ஒருக்களித்துப் போட்டால் எளிதாகக் குப்புறப் புரண்டுவிடும், அதுவும் வேண்டாம். படுக்கை கெட்டியாக, சமமாக, அதற்கென்று தனியாக இருக்கட்டும். தலையணை, மெத்தென்ற பொம்மை, கனத்த போர்வை, பக்கத்தில் பீடி சிகரெட் எதுவும் வேண்டாம். புரளக் கற்றுக்கொண்ட பிள்ளை தூக்கத்தில் தானே குப்புறப் போனால் விட்டுவிடலாம். தலை தட்டையாகுமே என்று கவலைப்பட்டால், விழித்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுங்கள். தூங்குகிற குழந்தையைக் குப்புறப் போடச் சொல்லி யாராவது பெரியவர் வந்தால், மரியாதையாக ஒரு காபி கொடுத்து, எந்த வருஷத்துப் புத்தகம் என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடுங்கள்.