வீட்டுப் பரீட்சகர்

சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே 45 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடிக் கும்மிடிப்பூண்டியை அடையும் புறநகர் ரயிலில், டிப்ளமா சான்றிதழையும் அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய்ப் பாட்டிலையும் ஒரே பையில் திணித்துக்கொண்டு, சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்துவிட்ட ஆனந்தத்தோடு தென் மாவட்டத்து வாலிபன் ஒருவன் வந்து இறங்கினானானால், அவனுக்கு வேலை கொடுத்தவர் முகத்தை அவன் மறந்தாலும் மறப்பான். வீடு பார்க்கத் துணைக்கு வந்தவர் முகத்தை ஆயுள் உள்ள மட்டும் மறக்கமாட்டான்.

துணைக்கு வரும் அந்த மகானுபாவர் தரகர் அல்லர். தரகருக்கு ஒரு மாத வாடகை கமிஷன். காரியம் முடிந்தால் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார். இவரோ காலணா வாங்காதவர். ஏதோ ஓர் உருக்காலையில் சரக்கின் தரம் பார்க்கும் உத்தியோகத்திலேயே தலை நரைத்துப்போய், குறை காணும் வித்தையை ஆலைக்குள்ளேயே முடக்கிவைக்க மனம் ஒப்பாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் அதை ஊருக்கு உபகாரமாக வழங்கிவருபவர். டீக்கடையில் புதுமுகம் ஒன்று டூலெட் பலகையைப் பற்றி வாயெடுத்தால் போதும், “தம்பி, என்னைக் கேக்காம எங்கேயும் அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க” என்று பக்கத்துப் பெஞ்சிலிருந்து அபயக்குரல் கேட்கும்.

அவருடைய பரீட்சை முறைகள் அலாதியானவை. வாசலில் துளசிச் செடி இருந்தால் முதலில் தம் வெள்ளைக் கைக்குட்டையால் அதன் இலையொன்றைத் துடைத்துப் பார்ப்பார்; கைக்குட்டையில் கரி படிந்தால் உலைக்கூடத்துப் புகை அந்தத் திக்கில்தான் வீசுகிறது என்று நிர்ணயம். இரவு ஷிப்ட் முடிந்து பகலில் உறங்கவேண்டிய பையனுக்கு வெளிச்சமும் வெப்பமும் விரோதிகள் ஆகையால், உச்சிப்பொழுதில்தான் வீடு பார்க்க வருவார். கதவு ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு, சிமெண்ட் ஷீட் கூரையின் கீழே வீட்டுக்கார அம்மாளையும் சேர்த்து நிற்கவைத்து, யாருக்கு முதலில் வியர்க்கிறது என்று கவனிப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து துவைக்கிற சோப்புத் துண்டொன்று வெளிப்படும். குழாய் நீரில் அது நுரைக்காவிட்டால், நாடி பிடித்த வைத்தியர் உதட்டைப் பிதுக்குவதுபோல் பிதுக்கி, “உப்பு” என்ற ஒற்றைச் சொல்லால் தீர்ப்பளிப்பார்.

உப்பு விஷயத்தில் அவர் சொல்வது மிகை அன்று. கிணறுகளிலிருந்து பல காலம் அளவின்றி இறைத்ததன் பயனாக, மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீருக்குள் கடல் புகுந்துவிட்டது. அதே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நன்னீர் தரும்படி 2010-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட நிலையம், கடலைக் குடிநீராக்கிச் சென்னைப் பட்டணத்துக்கு அனுப்புவதற்கென்றே ஏற்பட்டது. ஆகவே இந்தப் பிரதேசத்து வாடகை வீடுகளில் கேன் தண்ணீர்க்காரர் வருகிற நேரம் தெரியாதவன் குடித்தனம் செய்யவே லாயக்கற்றவன் என்பது நம்மவருடைய சித்தாந்தம்.

அடுத்தது மின்சாரம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று சர்க்கார் கொடுக்கிற சலுகை, வீட்டுக்காரர் பெயரிலுள்ள மீட்டரில் இறங்கி, குடியிருப்பவனுக்கென்று பொருத்திய சப் மீட்டரை எட்டுவதற்குள் எங்கே மாயமாகிறது என்பதைக் குறித்து அவர் அரை மணி பிரசங்கம் செய்வார். சட்ட ஞானத்திலும் அவர் பின்வாங்குபவர் அல்லர். வாடகைக்கு விடுவோர், குடியிருப்போரின் உரிமைகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் அமலில் இருக்கிறதென்றும், அதன்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாதென்றும் முழங்குவார். வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் என்றொரு வாசகம் அதில் இருப்பதை மட்டும் மெல்ல விழுங்கிவிடுவார். வீட்டுக்காரரோ அந்த வாசகத்தைப் படிக்காமலே அதன்படி நடந்துவருபவர்.

“சட்டம் சொல்றது சரிதாங்க. மூணு மாச அட்வான்ஸுக்கு அந்தச் சட்டத்துக்கிட்டேயே ஒரு வீடு கேட்டு வாங்கிக்குங்க” என்று ஒரு வீட்டுக்காரர் பதில் சொன்னபோதுகூட அவர் அயரவில்லை.

அவர் அயர்வதெல்லாம் ஒரே ஒரு கேள்விக்குத்தான். எந்த வாசற்படியில் ஏறினாலும், “பேச்சிலரா, ஃபேமிலியா?” என்று கேட்டுவிட்டு, அடுத்த மூச்சில் “சொந்த ஊர் எது?” என்றும், அது போதாமல் “அந்த ஊர்ல எந்தத் தெரு?” என்றும், ஜாதியை வாய்விட்டுக் கேட்காமலே கேட்டுவிடுகிற அந்த விசாரணை அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். “மனுஷனை மனுஷன் இப்படியா சோதிக்கிறது?” என்று தெருமுனை வரை பொருமிக்கொண்டே வருவார்.

ஆனால், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்காக வரிசையாகக் கட்டி, தலைக்கு இவ்வளவு என்று வாடகை வசூலிக்கும் லைன் வீடுகளை அவர் ஒருநாளும் பரீட்சை செய்ததில்லை. அங்கே பேச்சிலர் கேள்வியும் எழுவதில்லை. ஓர் அறையில் எத்தனை தலை கொள்ளும் என்பது ஒன்றே அங்கே கணக்கு. அந்தக் கணக்கைப் போடுவதற்குச் சோப்புத் துண்டு தேவைப்படாது போலும்.

இவ்வாறு பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே உள்ள வீடுகளையெல்லாம் ஒவ்வொரு தோஷம் சொல்லி அவர் கழித்துக்கட்டிய பின்பு, அவர் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து, வாலிபன் கவரைப்பேட்டையில் ஒரு மேல் போர்ஷனுக்கு அட்வான்ஸ் கொடுத்துப் பதினொரு மாத அக்ரிமெண்டில் கையெழுத்தும் போட்டுவிட்டான். தண்ணீர் உப்பு, கூரை ஷீட், ரயில் போனால் பாத்திரம் ஆடும். வாடகை மட்டும் சம்பளத்துக்குள் அடங்கியது. பால் காய்ச்சுகிற தினத்தன்று, “கோவிச்சுக்காதீங்கண்ணே” என்று அவன் தயங்கித் தயங்கி நீட்டிய டம்ளரை வாங்கி ஒரு வாய் பருகியவர், “கேன் தண்ணிதானே கலந்தீங்க?” என்று மட்டும் கேட்டார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாள், விஷயம் தெரிந்த மனிதர் என்று கண்டுகொண்டு, “சார், கீழ்ப் போர்ஷனுக்கு ரெண்டு பசங்க வந்து நிக்கிறாங்க. ஆள் எப்படின்னு நீங்களே கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்களேன்” என்று விண்ணப்பித்துக்கொண்டாள். நம்மவர் டம்ளரைக் கீழே வைத்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். வாசலுக்குப் போய், அந்தப் பையன்களைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆரம்பித்தார்:

“பேச்சிலரா, ஃபேமிலியா?”