நேர வலயத்தைத் தெரிவு செய்க

விண்டோஸ் எக்ஸ்பி போடும்போது இடையில் ஒரு கேள்வி வரும்: உங்கள் நேர வலயம் எது? மற்ற ஊர்களில் யோசிக்காமல் அமத்திவிட்டுப் போகிற கேள்வி. 2003, 2004இல் கிளிநொச்சியில் அதற்குப் பதில் சொல்வது அரசியல் நிலைப்பாடு எடுக்கிற வேலை. 1996இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று கொழும்பு கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளியது. முதலில் ஒரு மணித்தியாலம், சில மாதங்களில் அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தது. மிச்சம் பிடிக்க மின்சாரமே இல்லாத, புலிகள் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றுகொண்டது. வவுனியாவிலிருந்து வருகிறவர்கள் ஓமந்தை தாண்டியதும் கைக்கடிகாரத்தைத் திருகி அரை மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள்.

எக்ஸ்பியின் பட்டியலில் 'ஸ்ரீ ஜயவர்தனபுர' என்றால் கிரீன்விச்சுக்கு ஆறு மணித்தியாலம் முன்னே. எங்களுடைய ஐந்தரை 'சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி' என்ற வரியில் கிடந்தது. நாட்டுக்கு இலங்கை, நேரத்துக்கு இந்தியா என்று கொடுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவோம். 2006 ஏப்ரலில் கொழும்பு பழைய ஐந்தரைக்கே திரும்பியது. இப்போது பட்டியல் அவர்களுக்குப் பிழைத்துவிட்டது. மைக்ரோசொப்ட் திருத்தம் விடும்வரை கொழும்பாருக்கும் சென்னைதான் கதி. ஒருவழியாக நாடு முழுக்க ஒரே நேரம் வந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் முகமாலையில் ஏ9 பாதை பூட்டப்பட்டது.

நான் இருந்தது ஒரு தட்டச்சு, போட்டோக்கொப்பி, கொம்பியூட்டர் திருத்தக் கடை. 2002இல் பாதை திறந்த பிறகுதான் இப்படியான கடைகள் முளைத்தன. ஒவ்வொரு பெட்டியும் கொழும்பிலிருந்து வரவேண்டும். ஓமந்தையில் இராணுவம் திறந்து பார்க்கும், புளியங்குளத்தில் இயக்கம் வரி எடுக்கும். 'இதைச் செய்ய நிர்வாகியின் அனுமதி தேவை' என்று இன்றைக்கு விண்டோஸ் கேட்டால் பொடியன்கள் சலித்துக்கொள்கிறார்கள். அந்தப் பெட்டிகள் இரண்டு நிர்வாகிகளிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தவை.

எக்ஸ்பி நிறுவும்போது, கோப்புகளைப் படியெடுத்து முடித்ததும் நீலத் திரையின் இடது பக்கத்தில் 'இன்னும் ஏறக்குறைய 39 நிமிடங்கள்' என்று எழுதும். அமெரிக்காவில் யாரோ அளந்து வைத்த நிமிடங்கள். ஜெனரேற்றரில் எவ்வளவு மண்ணெண்ணெய் கிடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. எங்கள் முதலாளி ஒரு ஈர்க்கை எண்ணெய்த் தாங்கிக்குள் விட்டுப் பார்த்து, "34இல் நிக்கும்" என்பார். பெரும்பாலும் அப்படித்தான் நின்றது. பாதியில் நின்ற நிறுவலுக்கு எங்களிடம் இருந்த மருந்து ஒன்றுதான்: வன்வட்டைத் துடைத்து, மீண்டும் முதலிலிருந்து. கீறல் விழுந்த சீடி என்றால் 'கோப்பைப் படிக்க முடியவில்லை' என்று வேறு நிற்கும். பிழைச் செய்தியைத் தேடிப் பார்க்கக் கடையில் இணையம் இல்லை. எழுத்துப் பிசகாமல் சீ.ஆர். கொப்பியில் எழுதி, வவுனியா போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவோம். பதில் வருவதற்குள் இயந்திரத்தின் சொந்தக்காரர் அடுத்த போக விதைப்பு முடித்துவிடுவார்.

கொப்பியில் அதிகம் இடம்பிடித்த கோளாறு மென்பொருளே அல்ல. தாய்ப்பலகையில் ஒரு சின்ன வட்டப் பற்றரி இருக்கிறது. அது செத்தால் கணினி ஒவ்வொரு காலையும் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய் எழும்பும். வைரஸ் தடுப்பு மென்பொருள் 'உரிமம் இன்னும் தொடங்கவில்லை' என்கிற பாவனையில் முரண்டு பிடிக்கும். இதைப் பொருளாதாரத் தடைக் காலத்து வன்னிச் சனத்துக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. தொண்ணூறுகளில் பற்றரி தடை செய்யப்பட்ட பொருள், யூரியா, சீமெந்து போல. செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து, துளை போட்டு உப்புத்தண்ணீர் விட்டு உயிர்கொடுத்தவர்கள் அவர்கள். அதுவும் முடியாதபோது சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் வானொலி பாடும், மற்றவர்கள் பிபிசி தமிழோசை கேட்பார்கள். அப்படிப்பட்ட ஒரு பெரியவர் எங்கள் கடையில் அந்த வட்டப் பற்றரியைக் கையில் வாங்கிப் பார்த்து, "இதை வெயில்ல வைச்சுப் பாத்தனீங்களே?" என்று கேட்டார். வைத்துப் பார்த்திருந்தோம்.

தமிழ் ஒருங்குறி அடுத்த வைபவம். எக்ஸ்பியில் அது தானாக வராது. மொழி அமைப்புக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கும் வலமிருந்து இடம் எழுதும் மொழிகளுக்கும் உரிய, 'தாய்லாந்து மொழி உட்பட' என்று அடைப்புக்குறி போட்ட ஒரு பெட்டியில் சரி அடையாளம் இடவேண்டும். தமிழின் பெயர் அந்த வரியில் இல்லை. இட்டால் உடனே நிறுவல் சீடியைக் கேட்கும். அது எப்போதும் வேறு யாருடைய வீட்டிலோ இருக்கும்.

இப்போது அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம், வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகம், வீட்டில் கரண்ட், கையில் இணையம். பக்கத்து வீட்டுப் பொடியன் மடிக்கணினியோடு வருவான்.

"அண்ணை, இன்ஸ்டோல் ஆகுதில்லை. எரர் காட்டுது."

"என்ன எரர்?"

"வாசிக்கேல்லை. ஓகே அமத்திட்டன்."

திரும்ப ஓடவிட்டால் 1603. நிறுவல் தோற்றது என்பதற்கு மேல் அது வாய் திறக்காது. பழைய பதிப்பின் மிச்சமோ, கோப்புறைக்கு அனுமதி இல்லாததோ நாங்களாகக் கண்டுபிடிக்கவேண்டும். 1618 என்றால் வேறொரு நிறுவல் நடக்கிறது, வரிசையில் நில் என்று பொருள். 80070005 என்று முடிந்தால் அனுமதி மறுப்பு. எனக்கு இந்த இலக்கங்கள் மேல் ஒரு மரியாதை உண்டு. தடைக் காலத்தில் தாண்டிக்குளம் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்ட பொருளுக்கு இலக்கம் தந்தவர் எவரும் இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் முடிந்தது. பழைய மடிக்கணினிகளை 11 ஏற்பதில்லை. அதையும் காரணம் சொல்லி, 'மேலும் அறிய' என்று ஓர் இணைப்பும் கொடுத்துத்தான் திருப்பி அனுப்புகிறது. பொடியனுக்கு அது அவமானம். எனக்கு உபசாரம்.

1603ஐத் தீர்த்த கையோடு அவன் ஒரு கோப்பைத் திறந்தான். பாமினி எழுத்துருவில் யாரோ எப்போதோ அடித்த கட்டுரை. திரையில் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடந்தன: எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.

"அண்ணை, வைரஸோ?"

"இல்லையடா, அது 'அம்மா'. பாமினியைப் போடு."

போடப்போனான். எல்லாப் பயனருக்குமாகப் போடுவதென்றால் நிர்வாகியின் அனுமதி வேண்டுமாம்.