ஒரு க்ளீனர் போடுங்க மாப்ள

போன வாரம் நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸுக்கு வந்த மாமனார் வழிச் சொந்தக்காரர், செருப்பைக் கழற்றும் முன்பே மீன் தொட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு சக்கர் வாங்கி விட்டா தண்ணியே மாத்த வேணாமே மாப்ள." சக்கர் மீன் ஒன்று அவர் மூக்குக்கு நேரே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. சுட்டிக்காட்டியதும் அடுத்த கேள்வி வந்தது. "இது ஏன் அசையவே மாட்டேங்குது, செத்துடுச்சா?"

இதை எழுதுகிற ஆசாமி பிரிஸில்நோஸ் என்கிற குட்டி சக்கர்களை வளர்க்கிறார், குஞ்சும் எடுக்கிறார். எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் க்ளீனர் விவகாரத்தை ஒரே வரியில் முடித்துவிடலாம்.

சக்கர் தொட்டியைச் சுத்தம் செய்யாது.

பாசியைச் சுரண்டும், மறுப்பதற்கில்லை. சுரண்டியது எங்கே போகும்? ராத்திரி வெள்ளரித் துண்டு போட்டால் விடிவதற்குள் தோல் வளையம்தான் மிஞ்சும். மற்றதெல்லாம் நீள நீள இழைகளாகத் தரையில் கிடக்கும். மரக்கட்டையைப் போட்டால் அதையும் ராவித் தின்று தூளாகத் தள்ளும். நெய்வேலிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்காகப் பல மடங்கு ஓவர்பர்டன் மண்ணை வெட்டிக் கொட்டுகிற ஊர் இது. சுரங்கத்திலாவது வெட்ட பக்கெட் வீல், சுமக்க கன்வேயர், கொட்ட ஸ்ப்ரெடர் என்று தனித்தனி இயந்திரங்கள். சக்கரிடம் மூன்றும் ஒரே உடம்பில்: முன்னால் வாய், நடுவே சுருண்டு சுருண்டு கிடக்கும் நீளக் குடல், பின்னால் ஸ்ப்ரெடர். ஷிஃப்ட் மாற்றம் கிடையாது, வார விடுமுறை கிடையாது. சுரங்க மண்மேட்டில் மரம் நட ஆள் இருக்கிறார்கள். தொட்டி மேட்டை சைஃபன் குழாயால் உறிஞ்ச ஆசாமி ஒருவர்தான். நிறத்தையும் சொல்லாமல் விட முடியாது. வெள்ளரி தின்றால் பச்சை, கேரட் தின்றால் ஆரஞ்சு, கட்டை தின்றால் அசல் லிக்னைட் நிறம். கேட்டால், இது க்ளீனராம்!

கடையில் விரல் நீளத்தில் க்ளீனர் என்று கொடுப்பது பெரும்பாலும் பிரிஸில்நோஸே அல்ல. டெரிகோப்ளிக்திஸ் என்கிற அதன் முரட்டுப் பங்காளி. ஒன்றரை அடி வரை வளரும். இரண்டடித் தொட்டியில் அது திரும்பவே இடமில்லாதபோது வாங்கியவருக்கு ஜீவகாருண்யம் பொங்கும். கொண்டுபோய் ஏரியில் விட்டுவிட்டுப் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்வார். தென்னமெரிக்க ஆறுகளில் பிறந்த ஜாதி அது. தண்ணீரில் ஆக்சிஜன் செத்துப்போனாலும் காற்றை விழுங்கி வயிற்றாலேயே சுவாசித்துப் பிழைத்துக்கொள்ளும். தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் என்று நீர்நிலைகளில் பெருகி, முள்ளால் மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. புண்ணியவான் இதற்குள் கோல்டுஃபிஷுக்கு மாறியிருப்பார்.

பிரிஸில்நோஸ் அன்சிஸ்ட்ரஸ் பேரினம். சுமார் ஐந்து அங்குலத்தோடு நின்றுவிடும். வயதுக்கு வந்த ஆணுக்கு மூக்கின் மேல் தாடி முளைக்கும். ஒரு பக்கம் அடைத்த மண்குழாயோ கொட்டாங்கச்சியோ கொடுத்தால் குகையாக்கிக்கொள்ளும். பெண் உள்ளே போய் ஆரஞ்சு நிற முட்டைக் கொத்தை ஒட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடும். துடுப்பால் விசிறுவதும், காவல் காப்பதும், பொரித்த குஞ்சுகளை மஞ்சள்கரு வற்றும் வரை வெளியே விடாமல் வைத்திருப்பதும் அப்பன் பொறுப்பு. இதைக் கேட்டு மேற்படி சொந்தக்காரரின் மனைவி விழுந்து விழுந்து சிரித்தார். சொந்தக்காரர் சிரிக்கவில்லை.

சக்கர் பித்து ஆசாமிக்கு மட்டுமானதல்ல. இன்னும் அறிவியல் பெயர் சூட்டப்படாத சக்கர்களுக்கு 1988இல் ஜெர்மனியின் டாட்ஸ் பத்திரிகை எல்-எண் கொடுக்க ஆரம்பித்தது. பிரேசிலின் ஷிங்கு ஆற்றில் வாழும் கறுப்பு வெள்ளை வரிச் சக்கர் எல்-46. அதற்கு 1991இல் முறையான பெயர் வந்தும், வளர்ப்பவர்கள் எண்ணைத்தான் சொல்கிறார்கள். ப்ளாக் நம்பரும் குவார்ட்டர்ஸ் நம்பருமே விலாசமான ஊரில் இதை யாரும் விசித்திரமாக நினைக்கப் போவதில்லை.

சரி, முட்டையிட வைக்கும் சூட்சுமம். மழை வந்ததுபோல் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் மாற்ற வேண்டும். நெய்வேலி மே மாதத்தில் அதற்கு எங்கே போவது? நிலக்கரிக்கு அடியில் முட்டும் ஊற்றுநீரை ராப்பகலாக இறைக்கிற ஊர்தான். ஆனால் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடி டேங்கில் நின்ற தண்ணீர் குழாயில் வரும்போது ரசம் வைக்கலாம். ஃப்ரிட்ஜ் பாட்டிலில் கைவைத்தால் வீட்டில் விசாரணைக் கமிஷன். ஆகவே, முதலில் செய்ய வேண்டியது என்னவென்றால்... அது அப்புறம். நேற்றைய கேரட் தொட்டித் தரையில் ஆரஞ்சாகக் கிடக்கிறது. சைஃபன் குழாயை வேறு யாரோ மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் விட எடுத்துப் போயிருக்கிறார்கள்.