டியூட்டி பட்டியலில் பேர் கொடுத்தல்

பிரிட்டனின் ஸ்கூபா கிளப்புகளில் டியூட்டி பட்டியல் என்று ஒரு தாள் உண்டு. எந்த வியாழக்கிழமை யார் நீச்சல் குளத்தோரம் நிற்பது, யார் சிலிண்டருக்குக் காற்று நிரப்புவது, எந்த ஞாயிற்றுக்கிழமை யார் கரையில் உட்கார்ந்து கணக்கு எழுதுவது என்பதெல்லாம் அதில் இருக்கும். எதற்கும் சம்பளம் கிடையாது. சம்பளமில்லாத வேலைக்கு மனிதர்கள் ஏன் வலியப் போய்த் தலையைக் கொடுக்கிறார்கள் என்பது விளங்காத விஷயம்.

கூஸ்தோவும் கான்யானும் பிரான்சில் 1943இல் தண்ணீருக்கடியில் மூச்சுவிட உதவும் அக்வாலங்கை உருவாக்கினார்கள். பத்தாண்டு கழித்து, 1953இல், ஆஸ்கர் கூகெனும் பீட்டர் ஸ்மாலும் லண்டனில் பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப்பைத் தொடங்கினார்கள். ஊருக்கு ஊர் கிளை, பயிற்சி தருபவரும் உறுப்பினரே, ஊதியமில்லை என்பது ஏற்பாடு. எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலான மேரி ரோஸைத் தேடும் வேலையை 1965இல் தொடங்கிய அலெக்சாண்டர் மக்கீயோடு இறங்கியவர்கள் சவுத்சீ கிளைக்காரர்கள். கப்பல் 1982இல் மேலே வந்தது. அத்தனை ஆண்டும் சிலிண்டர்கள் தாமாக நிரம்பியிருக்காது. ஆனால் நிரப்பியது யார் என்று எவரும் கேட்பதில்லை.

பேர் கொடுக்கும் சடங்கு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நடக்கும். செயலாளர் “கம்ப்ரஸருக்கு யார்?” என்று கேட்டதும் கூட்டத்தில் பாதி பேருக்கு ஷூ லேஸ் அவிழ்ந்துபோகும், மீதிப் பேருக்கு போன் வரும். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதை ஆங்கிலேயர்கள் யாரிடமும் பாடம் கேட்காமலே அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துத் தலையை நிமிர்த்துகிற அப்பாவியின் பேர் ஏறிவிடும்.

குளத்து டியூட்டி சுலபம். பொதுமக்கள் வெளியேறிய பிறகு, ராத்திரி ஒன்பது மணிவாக்கில், கரையில் நின்றபடி தண்ணீருக்குள் இருக்கும் தலைகளை எண்ண வேண்டும். கரைக் கணக்கு அப்படியல்ல. லெஸ்டர்ஷயரில் ஸ்டோனி கோவ் என்று தண்ணீர் நிறைந்த பழைய கருங்கல் குவாரி இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஸ்டேன்கார்த் என்ற பழைய இழுவைப் படகை முழுகுகிறவர்களுக்காகவே அங்கே மூழ்கடித்தார்கள். மற்றவர்கள் அதைப் பார்க்க இறங்கும்போது டியூட்டிக்காரர் மழையில் நின்று, இறங்கிய நேரம், ஏறிய நேரம், சிலிண்டரில் எத்தனை பார் அழுத்தம் என்று பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதுவார். ஈரத்தில் பேனா எழுதாது. ஏறி வந்தவர்கள் நேராக டீக்குப் போய்விடுவார்கள். அவர்களைத் துரத்தித்தான் எண்களை வாங்க வேண்டும்.

கம்ப்ரஸர் டியூட்டியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கம்ப்ரஸர் என்பது தகரக் கொட்டகைக்குள் இருந்துகொண்டு காதைச் செவிடாக்கும் இயந்திரம். வெளிக்காற்றைப் படிப்படியாக அமுக்கி, ஈரத்தையும் எண்ணெய் வாடையையும் வடிகட்டியில் போக்கி, சிலிண்டருக்குள் 232 பார் வரை ஏற்றும். அவ்வப்போது வால்வைத் திறந்து தேங்கிய தண்ணீரை வெளியேற்ற வேண்டும். எண்ணெய் கலந்து வெளுத்துப்போன அந்தத் தண்ணீர் சீறிக்கொண்டு வந்து பேண்ட்டில் படும். துவைத்தாலும் போகாது.

அவசரமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகும். சூட்டில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். 50 டிகிரியில் 232 பார் காட்டியது, 10 டிகிரிக்கு ஆறியதும் 203 பாரில் வந்து நிற்கும். பள்ளிப் பௌதிகம்தான். ஆனால் ஒன்பதே முக்காலுக்கு, கொட்டகையை மூடும் நேரத்தில், இரண்டு சிலிண்டரோடு வருபவருக்கு மட்டும் அது தெரியாது. மெதுவாக நிரப்பினால் “இன்னுமா ஆகவில்லை?” என்பார். வேகமாக நிரப்பினால் மறுநாள் வாட்ஸப் குழுவில் “என் முப்பது பார் எங்கே?” என்று கேட்பார், டியூட்டிக்காரர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டதுபோல.

சிலிண்டரின் தோளில் சோதனைத் தேதி குத்தியிருக்கும். இரண்டரை ஆண்டுக்கொரு முறை உள்ளே பார்த்துச் சோதிக்க வேண்டும்; ஐந்தாண்டுக்கொரு முறை தண்ணீர் அழுத்தச் சோதனை. தேதி தாண்டியதை நிரப்பக் கூடாது. சென்ற வியாழக்கிழமை வந்தது தேதி தாண்டிய சிலிண்டர். “போன மாதம்தானே முடிந்தது? இரும்புதானே, பாலா கெட்டுப்போக?” என்றார் வந்தவர். அது கிடக்கட்டும். மூச்சுக் காற்றில் கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு. நஞ்சும் அதற்கேற்ப வீரியம் கொள்ளும். அதனால்தான் காற்றை உறிஞ்சும் குழாயைக் கொட்டகைக்கு வெளியே கொண்டுபோய் வைப்பது. அந்தக் குழாயை ஒட்டி, ஹீட்டர் அணையக் கூடாதென்று, டீசல் காரை ஓடவிட்டே நிறுத்தியிருந்தார் அந்தப் பெரிய மனிதர். வரிசையில் நின்ற மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை சுவாசிக்கப்போவது அந்தப் புகையைத்தான். எடுக்கச் சொன்னால், “ரெண்டு நிமிஷம்தானே?”

ரெண்டு நிமிஷக்காரர்கள் தனி ஜாதி. குளத்தில் கடைசியாக ஏறுபவரும், டீக்கு முதலில் நிற்பவரும், படகு இழுக்கும்போது முதுகுவலி வருபவரும், தரையெங்கும் சொட்டச் சொட்ட ஈர உடையோடு வந்து ஏன் வழுக்குகிறது என்று விசாரிப்பவரும் இவர்களே. பட்டியலில் இவர்கள் பேர் இருக்கும். முறை வரும் வாரம் மட்டும் மாமியாருக்கு உடம்பு சரியிருக்காது. “யாராவது மாற்றிக்கொள்ள முடியுமா?” என்று குழுவில் செய்தி வரும். பதினாலு பேர் படித்ததாக நீல டிக் காட்டும், பதில் வராது.

கடைசியில் கொட்டகைச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரே போவார். சாவியைத் திருப்பிக் கொடுக்கலாம், விதியில் தடையில்லை. வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும்.