தகரப் படகு திருத்துவோர் கையேடு

முதலாவது படி, படகு. அதைத் தேடி நீங்கள் அலையத் தேவையில்லை. ஒன்ராறியோவில் மே மாதம் பிறந்தால் அது உங்களைத் தேடி வரும். ஸ்காபரோவிலிருந்து வடக்கே ஒரு மணித்தியாலம் காரை விட்டுப் பாருங்கள். வீட்டு வாசல்களில் 14 அடி அலுமினியப் படகுகள் கவிழ்ந்து கிடந்து வெயில் காயும். முதுகில் ஒரு மட்டை, மட்டையில் ஒரு விலை. அதைக் குறுக்கே வெட்டி இன்னொரு விலை. அதையும் வெட்டியிருந்தால் காரை நிறுத்தி இறங்குங்கள்.

மரப்படகு உக்கிவிடும், இரும்புப் படகு கறள் பிடித்துவிடும். இரண்டிலும் ஒருநாள் தலைமுழுகிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அலுமினியம் அந்த நிம்மதியைத் தராது. காற்றுப் பட்ட கணத்தில் தன்மேல் தானே மெல்லிய ஒக்சைட்டுத் தோல் ஒன்றைப் போர்த்திக்கொண்டு, ஐம்பது அறுபது வருடம் அப்படியே கிடக்கும். எறிய மனம் வராது, ஓட்டவும் முடியாது. அதனால் ஒருவர் கராஜிலிருந்து இன்னொருவர் கராஜுக்குக் கைமாறிக்கொண்டேயிருக்கும். இம்முறை உங்கள் முறை.

விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: தண்ணீர் ஒழுகுமா? எனக்கு விற்ற வெள்ளைக்காரக் கிழவர் தொப்பியைச் சற்று உயர்த்தி, தலையைச் சொறிந்து, "எ லிற்றில்" என்றார். ஊசி போடும் தாதி, "கொஞ்சம் நோகும்" என்பாரே, அந்தக் கொஞ்சம்.

இரண்டாவது படி செலவு பற்றியது. இந்தக் கையேடு என் வீட்டிலும் வாசிக்கப்படக்கூடும் என்பதால் நேரே மூன்றாவது படிக்குப் போகலாம்.

மூன்றாவது படி, ஆலோசகர். படகு திருத்துகிறவருக்குச் சுத்தியலுக்கு முன்னர் தேவைப்படுவது, பக்கத்தில் கதிரை போட்டிருந்து, "இது சரிவராது" என்று சொல்ல ஒருவர். முடியுமானால் வல்வெட்டித்துறையில் பிறந்த மாமனாராகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்படி வாய்த்தது. அவருடைய தகப்பனார் கப்பல்களுக்குக் கலப்பற்று வேலை செய்தவர். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் நாரையும் பஞ்சையும் திணித்து அடித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசி அடைக்கிற வேலை. மாமா அதைச் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. ஆனால் பார்த்தவருக்குத்தான் வாய் அதிகம்.

படகு வந்திறங்கிய அன்று சாரத்துக்கு மேல் குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, முன்னாலுள்ள அணியத்திலிருந்து பின்னாலுள்ள அமரம் வரை ஒருமுறை சுற்றினார். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, உதுக்கு எவ்வளவு குடுத்தனீர்?"

பாதியைச் சொன்னேன்.

"உதைவிடத் திறமான தகரம் எங்கடை கோழிக்கூட்டிலை கிடந்தது."

இந்த இடத்தில் நீங்கள் சரித்திரத்தை இழுக்கக் கூடாது. நான் இழுத்தேன். கிரம்மன் என்ற அமெரிக்க விமானக் கம்பனிதான் உலக யுத்தம் முடிகிற நேரத்தில், 1945 அளவில், விமானத்துக்குத் தகடு அடித்த கையோடு அலுமினியத்தில் கனூ படகு செய்து விற்கத் தொடங்கியது. 1969இல் நிலவில் மனிதரை இறக்கிய கலத்தைக் கட்டியதும் அதே கம்பனிதான். ஆகவே இது வெறும் தகரமில்லை என்று விளக்கினேன்.

மாமா யோசித்தார். "நிலவிலை தண்ணி இல்லைத்தானே தம்பி. ஒழுகினாலும் ஆருக்குத் தெரியும்?"

பிறகு அவர் தன் சரித்திரத்தை எடுத்தார். வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பலை ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். நம்மூர் மாலுமிகள் அதை ஓட்டிக்கொண்டுபோய் 1938இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். இது நடந்த கதை. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் நடந்தது என்பதுதான் என் முறைப்பாடு.

நான்காவது படி, அகழாய்வு. முன்னைய சொந்தக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவராகப் படிந்திருப்பார்கள். மேலே பச்சைக் கம்பளம், அதன் கீழ் ஒட்டுப்பலகை, அதன் கீழ் இன்னொரு கம்பளம். இருக்கைகளுக்கு அடியில், மிதப்பதற்காக வைத்த நுரை தண்ணீர் குடித்துப் பிணமாய்க் கனக்கும். அதற்குள் ஓர் எலிக் குடும்பம் வாழ்ந்து முடித்திருக்கும். எல்லாவற்றையும் எறியுங்கள். புது நுரைக்கு, கட்டடச் சாமான் கடையில் வீட்டுச் சுவருக்குப் போடும் நீலம் அல்லது ரோஸ் நிற அட்டையே போதும். அது தண்ணீரை இலகுவில் உறிஞ்சாது.

தரைப்பலகையை இழுத்தபோது கீழே ஏராவை ஒட்டி ஒரு வெள்ளைப் பொடிக் குவியல் கண்டேன், திருநீறு கொட்டியது போல. விரலால் தள்ளினால் நடுவில் ஒரு சதக் குற்றி. எலிசபெத் மகாராணி வலப்பக்கம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். குற்றியைக் கிளப்பியதும் அதன் கீழே கராஜின் சீமெந்துத் தரை தெரிந்தது. குற்றியின் அளவுக்கு இல்லை, ஒரு மிளகு அளவுக்கு.

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பின்னால் வருகிற என் அவமானம் இங்கேதான் முளைக்கிறது. செம்பையும் அலுமினியத்தையும் ஒன்றையொன்று தொடவிட்டு நடுவில் ஈரத்தையும் வைத்தால் அது ஒரு சின்ன பற்றரி. அந்தக் கூட்டில் கரைந்து போவது எப்போதும் அலுமினியம்தான். கனடாவின் ஒரு சதக் குற்றி 1996 வரை 98 வீதம் செம்பு. 2012இல் அரசாங்கம் அதை அடிப்பதை நிறுத்தியது, செலவு கட்டுபடியாகாது என்று. என் படகுக்குள் கிடந்த குற்றி மட்டும் தன் வேலையை நிறுத்தவில்லை. பச்சை மருந்து ஊறிய பலகையும் இதே சாதிதான். உக்காமல் இருக்க அதற்கு ஏற்றும் மருந்தில் செம்பு இருக்கிறது. வெளித்திண்ணைக்கு வாங்கி மிஞ்சிய பலகையைப் படகுத் தரைக்குப் போட்டவர் கெட்டித்தனமாகச் சிக்கனம் பிடித்ததாக நினைத்திருப்பார். செம்பு கலந்த எந்தப் பொருளும் இனிப் படகுக்குள் இருக்கக் கூடாது என்று அன்றே சபதம் எடுத்தேன்.

ஐந்தாவது படி, ஒழுக்குப் பார்த்தல். படகைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்ப்பவன் மூடன். தண்ணீரைப் படகுக்குள் விட்டுப் பார்ப்பவனே விஷயம் தெரிந்தவன். தண்ணீர் உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் ஒன்றுதானே. முதலில் அமரத்தின் அடியில் பெருவிரல் தடிப்பில் ஒரு துவாரம் இருக்கும். கரையில் நிற்கும்போது மழைத்தண்ணீர் வடிவதற்காகக் கம்பனியே போட்டுக் கொடுத்தது. அதைத் தக்கையால் அடையுங்கள். பிறகு குழாயைப் போட்டுவிட்டுக் கணுக்கால் அளவில் நிறுத்துங்கள். விளிம்பு வரை நிரப்பிப் பார்க்க ஆசை வரும். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு தொன் என்பதை உங்கள் ட்ரெயிலர் உங்களுக்கு முன்னமே அறிந்துகொள்ளும்.

இந்தக் காட்சியை அயலவர்கள் பார்ப்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள். பக்கத்து வீட்டு இத்தாலியப் பெரியவர் வேலிக்கு மேலால் நெடுநேரம் பார்த்துவிட்டு, மறுபக்கம் எங்கோ ஆற்றுக்குள் ஒரு கார் கிடக்கிறதோ என்ற முகத்தோடு உள்ளே போனார்.

வெளியே, படகின் வயிற்றுக்குக் கீழே, ஒவ்வொரு ரிவெற்றாக வேர்க்கத் தொடங்கும். சிலது துளித்துளியாய், சிலது பெரிய வீட்டு விஷயம் போல இரகசியமாக. சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுங்கள். எனக்கு 37 வட்டங்கள். தூரத்தில் நின்று பார்த்தால் படகுக்கு அம்மாள் வருத்தம் கண்டது போல இருந்தது. சோதனை முடிந்ததும் தக்கையைக் கழற்றினேன். பித்தளைத் தக்கை. பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. சபதம் ஞாபகம் வந்தது. துடைத்து, கராஜ் தட்டில் இருந்த மைலோ ரின்னுக்குள் பத்திரமாகப் போட்டு மூடினேன்.

அடுத்தது ரிவெற் இறுக்கல். (படி இலக்கத்தை இங்கே விட்டுவிட்டேன்; திருத்த வேலையும் இந்த இடத்தில்தான் கணக்குத் தப்பும்.) இதற்கு ஆள் இரண்டு வேண்டும். ஒருவர் படகுக்குள் படுத்து, ரிவெற்றின் வாலில் கனத்த இரும்புக் கட்டியைப் பிடிக்க வேண்டும். மற்றவர் வெளியிலிருந்து தலையில் அடிக்க வேண்டும். வால் நசிந்து விரிந்து தகட்டைப் பிடித்துக்கொள்ளும். மாமா உள்ளே போனார், வெளியில் நின்று அடிக்க எனக்குத்தான் தெம்பு உண்டு என்று. ஒரு தட்டு என்றால் அடி, இரண்டு தட்டு என்றால் நிறுத்து என்று ஒப்பந்தம். உள்ளே இருந்து இரண்டு தட்டு வந்தது. அது நிறுத்து என்ற இரண்டா, அடி அடி என்ற இரண்டா என்று நான் யோசித்த நேரத்தில் கை அடித்துவிட்டது. அதன் பிறகு உள்ளே இருந்து வந்தவை தட்டுகள் அல்ல, வல்வெட்டித்துறைச் சொற்கள். அவற்றை இங்கே எழுதுவதற்கில்லை.

இறுக்கியும் கேட்காத ரிவெற்றைத் துளைத்து எடுத்துவிட்டு, படகுப் பசை பூசிப் புதியது போடுங்கள். அந்தப் பசை முழுதாக இறுக ஒரு கிழமை பிடிக்கும். அதற்கிடையில் கதவுப் பிடியிலும் கண்ணாடியிலும் காரின் ஸ்ரியரிங்கிலும் அது தானாகப் போய் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மிளகு ஓட்டையைப் பற்றவைத்து அடைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அலுமினியம் 660 பாகையில் உருகும். அதன் மேலிருக்கிற ஒக்சைட்டுத் தோல் உருக 2,000 பாகைக்கு மேல் வேண்டும். உள்ளே பாயசம், மேலே ஏடு. அதோடு இரும்பைப் போலச் சிவந்து காட்டி எச்சரிக்கவும் மாட்டாது; சாதுவாக இருந்து, ஒரே கணத்தில் பொத்தென்று கீழே விழும். மிளகு ஓட்டையைக் கோப்பி வாய் அளவுக்கு ஆக்க விரும்புவோர் தாமே முயலலாம். நான் உள்ளும் புறமும் ஒட்டுத்தகடு வைத்து நாலு ரிவெற் அடித்தேன். மாமா பார்த்துவிட்டு, "காற்சட்டைக்குப் போட்டது போல இருக்கு" என்றார். அவரிடமிருந்து வந்த பாராட்டு அது ஒன்றுதான்.

பெயின்ற் பற்றி ஒரு வரி: அரத்தாளால் உரஞ்சி, கழுவி, உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும் அடிப்பூச்சை அன்றே பூசாவிட்டால், நீங்கள் அடித்த நிறம் அடுத்த கோடையில் வெங்காயத் தோல் போலக் கழன்று வரும். அமரத்தில் எஞ்சின் தொங்கும் பலகையைக் கழற்றினேன். அது பலகையாக வரவில்லை, வடித்த தேயிலைச் சக்கையாக வந்தது. முக்கால் அங்குல ஒட்டுப்பலகை இரண்டை எபொக்சியால் ஒட்டிப் புதியது வைத்தோம்.

எஞ்சினுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. கனடாவில் 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள எஞ்சின் பூட்டினால் படகுக்கு அனுமதி இலக்கம் எடுத்து உடம்பில் எழுத வேண்டும். ஆகையால் கடைகளில் 9.9 குதிரைவலு எஞ்சின் கிடைக்கும். பாட்டாச் செருப்பின் விலை எழுதும் அதே மூளை. ஆனால் குதிரை எத்தனையானாலும், ஓட்டுபவர் பரீட்சை எழுதி அட்டை வைத்திருக்க வேண்டும். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புச் சட்டை வேண்டும். மாமா தனக்குச் சட்டை வேண்டாம் என்றார். கடலில் பிறந்தவர்களுக்கு அது அவமானமாம். சட்டத்தில் வல்வெட்டித்துறைக்கு விலக்கு இல்லை என்று காட்டிய பிறகு, சாரத்துக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டார்.

இரண்டாம் வருடம் ஜூன் மாதம் ரைஸ் லேக்குக்குப் போனோம். பீற்றர்பரோவுக்குத் தெற்கே, ஒருகாலத்தில் நிறைந்து விளைந்த காட்டு நெல்லால் பெயர் பெற்ற ஏரி. பெயரைக் கேட்டே மாமா சம்மதித்தார். வெள்ளோட்டம் என்றால் தேங்காய் உடைக்காமல் இறக்கக் கூடாது என்று, குடுமியோடு ஒரு தேங்காய் வாங்கி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். இறங்குதுறையில் எங்களுக்குப் பின்னால் ஆறு வண்டிகள். மாமா அவசரப்படவில்லை. குடுமியைப் பிய்த்துச் சட்டைப் பைக்குள் வைத்தார், தேங்காயைத் துறையின் சீமெந்து விளிம்பில் உடைத்தார், தேங்காய்த் தண்ணீரை அணியத்தில் தெளித்தார். பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்.

படகை இறக்கினேன். மிதந்தது. 37 வட்டங்கள் இருந்த இடங்களையும் உள்ளே குனிந்து தடவிப் பார்த்தேன். எல்லாம் உலர்ந்திருந்தன. காற்சட்டை ஒட்டும் உலர்ந்திருந்தது. ஆனால் சப்பாத்துக்குள் தண்ணீர்.

"தம்பி," என்றார் மாமா கரையில் நின்றபடி. "அமரத்திலை ஒரு ஓட்டை இருந்ததெல்லே. அதுக்கு என்ன செய்தனீர்?"

ஒன்ராறியோவில் 2022 முதல் படகைத் தெருவில் இழுத்துக்கொண்டு போகும்போது தக்கையைக் கழற்றிவிட வேண்டும் என்று சட்டம். ஓர் ஏரியின் பாசியும் பூச்சியும் இன்னோர் ஏரிக்குப் போகாமலிருக்க. நான் சட்டத்தை அட்சரம் பிசகாமல் மதித்தவன். ஒரு வருடத்துக்கு முன்னமே கழற்றிவிட்டேன். அது நூறு கிலோமீற்றருக்கு அப்பால் மைலோ ரின்னுக்குள் செம்பு அரிப்பின்றிப் பத்திரமாக இருந்தது.

மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். பையிலிருந்து தேங்காய்க் குடுமியை எடுத்துப் பிரித்து முறுக்கினார். அதைச் சுற்றித் தன் கைலேஞ்சியை இறுக்கிச் சுற்றி, நுனியை எச்சிலால் கூராக்கி, துவாரத்துக்குள் திருகினார். தேங்காய்ப் பாதியைக் கவிழ்த்துப் பிடித்து மூன்று அடி. அப்படி அடிப்பதை அவர் எழுபது வருடங்களுக்கு முன் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் நின்றது. நின்றது என்று சொல்லக் கூடாது. யோசித்து யோசித்து வந்தது.

பின்னால் நின்ற வண்டிக்காரர் இறங்கி வந்தார். சாரத்தையும் உயிர்காப்புச் சட்டையையும் தேங்காயையும் ஒருமுறை பார்த்தார். படகு ஒழுகுகிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "எ லிற்றில்" என்றார்.