விதைநெல்லையும் வாரித் தந்த ஊர்

விருந்தோம்பலில் வெனிஸை விஞ்சிய ஊரை நான் ஐரோப்பாவில் கண்டதில்லை. மியூனிக்கில் படிக்கும் எங்களைப் போன்றவர்கள் வெள்ளி இரவு பேருந்தில் ஏறுவோம். சனி காலை ட்ரொன்கெட்டோ வாகன நிறுத்தத்தில் இறங்குவோம். ஞாயிறு இரவு கிளம்பிவிடுவோம். அந்த ஊர்ப் பேச்சில் நன்றி சொல்ல மட்டும் தெரியும். ரொட்டியும் தண்ணீர்ப் பாட்டிலும் பையிலேயே இருப்பதால் உள்ளூர்க் கடைக்காரருக்கு எங்களால் பெரிய வரும்படியும் இல்லை. அப்படிப்பட்ட எங்களுக்கும் அந்த ஊர் முகம் சுளித்ததில்லை. நாங்கள் ஓர் இரவு கால் நீட்டிப் படுப்பதற்காகத் தன் வீட்டாரையே எழுப்பி வெளியே அனுப்பியிருக்கிறது.

இளையான்குடி மாறனார் கதை நமக்குத் தெரியும். மழை இரவில் வந்த அடியாருக்குச் சோறிட, அன்று விதைத்த நெல்லையே வயலிலிருந்து வாரி வந்தார்; விறகு இல்லையென்று கூரை வரிச்சையும் அறுத்துக் கொடுத்தார். அவர் செய்தது ஓர் இரவு. வெனிஸ் இதை எழுபது ஆண்டுகளாகச் செய்துவருகிறது. 1951இல் அந்தத் தீவு நகரத்தில் சுமார் 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022இல் அது 50,000க்கும் கீழே இறங்கியது. மறு ஆண்டே, குடியிருப்பவர்களின் எண்ணிக்கையைப் பயணிகளின் படுக்கைகள் முந்திவிட்டன என்று உள்ளூர்க் குடிமக்கள் அமைப்புகள் கணக்கெடுத்துச் சொல்லின. மாறனார் வீட்டுக்கு வந்தவர் சிவபெருமான், போகும்போது பேறு அளித்துவிட்டுப் போனார். வெனிஸ் அந்த அளவுக்கெல்லாம் எதிர்பார்ப்பதில்லை. எங்களையே போதும் என்கிறது.

வீட்டுச் சொந்தக்காரர்களின் பரந்த மனத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டால் ஆண்டு முழுவதும் அந்த ஒரு குடும்பம்தான் அனுபவிக்கும். நாள் வாடகைக்கு விட்டால் எத்தனை நாட்டவருக்கு இடம் கிடைக்கிறது! நாங்கள் தங்கிய கட்டடத்தின் வாசலில் அழைப்புமணிப் பலகை இருந்தது. ஒரே ஒரு மணிக்கு எதிரே குடும்பப் பெயர். மற்றவற்றில் எல்லாம் பயணிகளைக் கவரும் அழகழகான வீட்டுப் பெயர்கள். சாவிப் பெட்டியின் எண் எங்களுக்குத் திறக்கவில்லை. சொந்தக்காரருக்குப் போன் போட்டால் எடுக்க ஆளில்லை. அந்த ஒரு குடும்பப் பெயருக்கு உரிய அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பெட்டியை எந்தப் பக்கம் அழுத்திக்கொண்டு எண்ணைத் திருப்ப வேண்டும் என்று செய்து காட்டினார். வாராவாரம் செய்து பழகிய கை. வாடகை இன்னொருவருக்கு, வரவேற்பு இவர் பொறுப்பு. இந்தக் கட்டுரையில் அந்த அம்மாவை மட்டும் எந்த வஞ்சமும் இல்லாமல் புகழ்கிறேன்.

கடைகளும் விருந்தினர் மனமறிந்து நடக்கின்றன. பொத்தானும் நூலும் எங்களுக்கு வேண்டியதில்லை. முகமூடியும் காந்தப் படமும் வேண்டும். அதனால் எது எங்கே கிடைக்கும் என்று நாங்கள் ஒரு நிமிடமும் அலையவில்லை, திரும்பிய பக்கமெல்லாம் முகமூடிக் கடை. பொத்தான் தேவைப்படும் உள்ளூர்க்காரர், நான்கு கிலோமீட்டர் பாலத்தைக் கடந்து அக்கரை மெஸ்த்ரேவுக்குப் போய்வரலாம். ரியால்டோ பாலத்தருகே ஒரு மருந்துக் கடையின் கண்ணாடிக்குள், ஊரில் இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்று 2008 முதல் எண்பலகை வைத்துக் காட்டுகிறார்கள். அதையும் நாங்கள் படம் எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது.

இந்த ஊர் எப்போதும் இப்படித் தாராளமாக இருந்ததில்லை. 15ஆம் நூற்றாண்டில், கொள்ளைநோய்க்கு அஞ்சி, சந்தேகத்துக்குரிய கப்பல்களை லாட்ஸரெட்டோ நுவோவோ தீவில் நாற்பது நாள் நிறுத்திவைத்து, அதன் பிறகே உள்ளே விட்ட ஊர் இது. சரக்கைப் புகைபோட்டு, ஆளைச் சோதித்து, அப்படி ஒரு சந்தேகம்! தன் குடிகளைக் காப்பது அரசின் வேலை என்று அன்றைக்கு ஒரு நினைப்பு இருந்தது.

இன்றைய நிர்வாகம் அந்த நினைப்பைப் பெரிதும் கடந்துவிட்டது. ஆனால் திறமையில் குறை சொல்ல முடியாது. 1902இல் சான் மார்க்கோ மணிக்கூண்டு சரிந்து விழுந்தபோது, அதே இடத்தில் அதே வடிவில் 1912க்குள் கட்டி முடித்தார்கள். செங்கல் விழுந்தால் திரும்ப நிறுத்தத் தெரிந்தவர்கள். போய்விட்ட ஒன்றேகால் லட்சம் பேருக்கு அப்படி ஒரு தீர்மானம் தேவைப்படவில்லை. 2024இல் வழிகாட்டிகள் ஒலிபெருக்கி வைத்துப் பேசக் கூடாது, 25 பேருக்கு மேல் ஒரு கூட்டமாகப் போகக் கூடாது என்று விதி செய்தார்கள். ஐம்பது பேர் வந்தால் இப்போது ஒழுங்காக இரண்டு கூட்டமாகப் போகிறார்கள்.

அதே ஆண்டு ஏப்ரல் 25 முதல், நெரிசல் மிகுந்த சில நாட்களில், பகலில் வந்து பகலிலேயே திரும்புகிறவர்களிடம் ஐந்து யூரோ வாங்கத் தொடங்கினார்கள். மாலை நான்கு மணிக்கு மேல் நுழைந்தால் அதுவும் வேண்டாம். அந்த ஆண்டு படகுப் பேருந்தில் ஒருமுறை போக ஒன்பதரை யூரோ. ஊருக்குள் நுழைய அன்று ஐந்து. இத்தனை பேர்தான் வரலாம் என்று உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. வாசலில் நின்று எண்ணுவது விருந்தோம்பலுக்கு அழகில்லை என்று விட்டிருப்பார்கள்.

இரவு தங்கியதால் எங்களுக்குக் கட்டண விலக்கு. இணையத்தில் பதிந்து க்யூஆர் குறி வாங்கிக்கொண்டோம். குடியிருப்பவர்களைப் பார்க்க வரும் நெருங்கிய உறவினருக்கும் விலக்கு உண்டு, அவர்களும் பதிந்து வாங்க வேண்டும். மாடி அம்மாவைப் பார்க்க அவருடைய தங்கை மகன் மெஸ்த்ரே தாண்டி வேறு மாநிலத்திலிருந்து வந்தால், ரயில் நிலைய வாசலில் எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று, எங்களைப் போலவே குறியைக் காட்டிவிட்டு உள்ளே போகலாம்.