அட்டைப்பட மகாத்மியம்

சொந்தச் செலவில் நூல் வெளியிடத் துணியும் கிரந்தகர்த்தர்களிடம் நான் காணும் விசேஷ குணம், இரண்டாம் பக்கத்தில் ஆசிரியரின் எழுத்துமூலமான அநுமதியின்றி ஒரு வரியையும் பிரதி செய்யலாகாது என்று பிரகடனம் செய்துவிட்டு, கூகுளில் அகப்பட்டதே உரிமைப் பத்திரம் என்னும் தைரியத்தில், யாரோ எடுத்த புகைப்படத்தை அட்டையில் ஸ்தாபித்துவிடுவதாகும். அண்மையில் நான் கண்ட ஒரு நாவலின் நாயகியுடைய கன்னத்தின் குறுக்கே, படம் விற்கும் நிறுவனத்தின் நீர்க்குறி விபூதிப் பட்டைபோல் அழியாமல் துலங்கிற்று. களவுக்குரிய சாட்சியத்தையும் தானே அச்சிட்டு விநியோகிக்கும் இத்தகைய நேர்மை வேறெந்தத் திருட்டிலும் இராது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஓவியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் உரிமையைக் காக்கிறது என்பதும், 1906இல் காலமான ரவிவர்மாவின் ஓவியங்களை இன்று எவரும் தாராளமாக எடுத்தாளலாம் என்பதும் இவர்களுக்குத் தெரியாமலில்லை. ஆயினும், நியாயமாகக் கிடைப்பதில் என்ன சுவாரசியம்? போகட்டும். அந்தப் படத்தின்மேல் மஞ்சள் எழுத்து, எழுத்துக்கொரு நிழல், நிழலுக்கொரு பச்சைக் கரை. தலைப்பைக் காட்டிலும் ஆசிரியர் நாமம் ஒரு சுற்றுப் பெரிது. முதுகிலோ ஒன்றுமே இல்லை. பின்னட்டையில், மோவாயில் விரல் வைத்துச் சிந்திக்கும் ஆசிரியரின் திருவுருவம் மாத்திரம் சொந்தமாக எடுத்தது. அதற்கு உரிமை கோரி எவரும் வரப்போவதில்லை.